கடலை குடுத்த கை

துடைச்சுக்க தாயி, தோள்ல வழியுது பாரு. துண்டு இல்லையா? இந்தா, என் முந்தானையப் பிடி, பழைய சேலைதான். பச்சப்பிள்ளை கக்குறதுக்கெல்லாம் முகஞ்சுளிக்கிற ஆளு நான் இல்ல. எத்தனை மாசம் ஆகுது? ஏழா? பாலும் வெளிய வருதா, இல்ல கூழு குடுத்தா மட்டும் வருதா? ம். பால் இறங்குது, கூழு இறங்கல. சரி சரி, பயப்படாத, படம் எடுத்துப் பாக்கட்டும். உன் நம்பர் வர்றதுக்கு இன்னும் நேரம் கிடக்கு.

எம் மருமக உள்ள இருக்கா. என் தம்பி மக, பாண்டிமீனான்னு பேரு, பத்தொம்போது வயசு. வாய் வழியாக் குழாய் விட்டுப் பாக்குறாக. அவளுக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. சின்னதுலருந்தே மெதுவாத்தான் திம்பா, ஒரு வாய்ச் சோத்தை வச்சுக்கிட்டு ஊரு கதை பூரா கேட்டு முடிச்சுருவா. ஆவணியில கலியாணம்னு பேசி முடிச்ச நாளுலருந்து அதுவும் போச்சு. கஞ்சித்தண்ணி, காப்பி, மோரு, இதுலதான் உசிரு ஓடுது. ரவிக்கையெல்லாம் ரெண்டு தடவை பிடிச்சுத் தச்சாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சா சீக்காளிப் பொண்ணத் தலையில கட்டப் பாத்தீகளான்னு வாசல்ல வந்து நிப்பாக.

எனக்கு வேற ஒரு பயமும் இருக்கு. இவ தம்பி ஒருத்தன் இருந்தான், சோணைமுத்துன்னு. எங்க குலசாமி பேரு. அவனுக்கும் இதேதான், தொண்டையிலதான் வந்துச்சு. அதான் குடும்பத்து நோயா இருக்குமோன்னு நினைக்கிறேன். டாக்டருகிட்டயும் சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு.

அவனுக்கு என்ன ஆச்சுன்னா கேக்குற? சொல்றேன் தாயி. பதினாலு வருசம் ஆச்சு. எனக்குப் பிள்ளை இல்ல. என்னைக் கட்டுனவரு வேற ஒருத்திய வச்சுக்கிட்டு ராமநாதபுரம் பக்கம் போயிட்டாரு, போனவரு போனவருதான். தம்பி ராசாங்கம் வீட்டுக்கு அடுத்த தெருவுல எனக்கு ஒரு ஓட்டு வீடு. அவன் பொண்டாட்டி தவமணி. மூத்தது பாண்டிமீனா. அவளுக்கு அஞ்சு வயசு ஆகுறப்ப, கார்த்திகை மாசம், இவன் பொறந்தான். சேனை தொட்டு வச்சது நான். சீனித் தண்ணியில விரலை முக்கி நாக்குல வச்சேன் பாரு, அப்படியே விரலைக் கவ்விக்கிட்டான். தொட்டு வச்சவுக குணம்தான் பிள்ளைக்கு வரும்பாக. அன்னைக்கு நான் அழுதேன் தாயி. பெத்தாத்தான் பிள்ளையா?

ஆறு மாசம் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. தாய்ப்பால் குடிச்சான், தொடையெல்லாம் மடிப்பு விழுந்து கிடந்தான். வைகாசியில கோயில்ல வச்சு முதச்சோறு ஊட்டுனோம். அன்னைக்கே துப்புனான். புதுசுல்ல, பழகும்னோம். மறுநா கேழ்வரகுக் கூழு, அதுக்கு மறுநா பருப்புஞ்சோறும் நெய்யும். எதுவும் தங்கல. உள்ள போற மாதிரிப் போகும், கொஞ்ச நேரத்துல முக்கித் திணறி, போனது போனபடி வரும். புளிச்ச வாடை கூட இருக்காது. கக்கி முடிச்சதும் பசிச்சு அழுவான். தவமணி மாரைக் குடுத்து அமத்திருவா.

எனக்கு அவமேலதான் கோவம். அப்ப எங்க ஊருல விதைக்கடலை உடைக்கிற சமயம். மிசின்ல உடைச்சா முளை போயிரும்னு விதைக்குக் கையாலதான் உடைப்போம். வீட்டுக்கு வீடு மூட்டை இறங்கும், பொம்பளைக எல்லாம் வட்டமா உக்காந்து பொழுதுக்கும் உடைக்கிறதுதான். தவமணி ஒரு கையில கடலை, ஒரு கையில பிள்ளைன்னு இருந்தா. அவசரக் கையால ஊட்டுனா எந்தப் பிள்ளைக்கு இறங்கும்? அவ என்னமோ, மதினி, அவனுக்கு உள்ள எதோ தடுக்குது, மதுரைக்குக் கொண்டுபோவம்னா. தடுப்பூசி போட வர்ற நர்சும் அதையேதான் சொல்லுச்சு. மூட்டை முடியட்டும்னு நான்தான் சொன்னேன். நான் மட்டுமா, என் தம்பியும்தான் சொன்னான்.

அப்புறம் நானே ஊட்ட ஆரம்பிச்சேன். காலை நீட்டி, கால்ல பிள்ளையப் படுக்க வச்சு, கூழைக் கரைச்சுச் சங்குல ஊத்துறது. வாயத் திறக்கலேன்னா மூக்கைக் கொஞ்சம் பிடிச்சாப் போதும், தானாத் திறக்கும். நானெல்லாம் அப்படி வளந்தவதான். கையக் கால உதறுவான், முகம் கருத்துப்போகும், தவமணி ஓடியாந்து பிடுங்கிக்கிருவா. பெத்தவளுக்கு மனசு இளக்கம். அப்படி இளகுனா பிள்ளை தேறுமான்னு நான் வைவேன்.

அந்தச் சமயத்துலதான் தொக்கம் எடுக்கிறவருகிட்டப் போனோம். உங்க பக்கம் உண்டுல்ல? தொண்டையிலயோ குடல்லயோ எதாவது சிக்கிக்கிட்டா ஊதி எடுப்பாக. எங்க ஊருலருந்து மூணாவது ஊரு. அவருகிட்ட எடுத்துப் பிழைச்ச பிள்ளைகளுக்குக் கணக்கில்ல. கடலை உடைச்சுக்கிட்டிருந்தவ அப்படியே எந்திரிச்சுப் போனேன், சேலை பூராத் தோலியும் தூசியும். வாசல்ல நாங்க கால வச்சதும் அவரு கேட்டாரு, கடலை கிடக்கிற வீடான்னு. நாங்க வாயே திறக்கல பாத்துக்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

வயித்தத் தடவுனாரு, கழுத்த நீவுனாரு, வாயில ஒரு ஊது ஊதுனாரு. விரலை விட்டு எடுத்தாரு. உள்ளங்கையில வச்சுக் காட்டுறாரு, பாதிக் கடலைப்பருப்பு. ஊறிப்போய் வெள்ளையா இருந்துச்சு. கைப்புண்ணுக்குக் கண்ணாடியா வேணும்? இந்தக் கண்ணால பாத்தேன். தவமணி மட்டும் நம்பல, எம் பிள்ளை வாயில எப்படி வந்துச்சுன்னு நின்னுக்கிட்டே இருந்தா. அவரு சொன்னாரு, யாரோ குடுத்துருக்காக, குடுத்த கை எதுன்னு தெரியணும், அந்தக் கை ஒத்துக்கணும், இல்லேன்னா மறுபடி மறுபடி அடைக்கும்னு. மூணு நாளைக்குத் தாய்ப்பாலும் வடிகட்டுன கஞ்சியும் மட்டும் குடுங்கன்னாரு. குடுத்தோம். மூணு நாளும் ஒரு சொட்டு வாந்தி இல்ல. சொல்லு, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

வீட்டுல வேற யாரு இருக்கா? பாண்டிமீனாதான். பொழுதுக்கும் கடலைக் குமிக்குள்ளதான் உக்காந்திருப்பா. தம்பின்னா உசிரு. அவன் அழுதா இவ போயி எதையாவது ஆட்டிச் சிரிக்க வைப்பா. ஆசையா ஒண்ணக் குடுத்திருப்பா, அதுல வஞ்சகம் இருந்துச்சுன்னு நான் ஒரு நாளும் சொல்லல.

இன்னொருத்தியா இருந்தா அடிச்சுக் கேட்டிருப்பா, கரண்டியக் காய வச்சிருப்பா. நான் ஒரு சுடுசொல் சொல்லல. என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, மடியில உக்கார வச்சு, தலையக் கோதிவிட்டுத்தான் கேட்டேன். இல்லத்தேன்னா. சரி, யோசிச்சுச் சொல்லுன்னேன். இல்லத்தேன்னா. மறுபடி கேட்டேன். மத்தியானம் ஆரம்பிச்சது, விளக்கு வைக்கிற நேரம் ஆயிருச்சு. அம்மாகிட்டப் போறேன்னா. சொல்லிட்டுப் போன்னேன். கடைசியில நான் சொன்னேன், 'நீ ஒத்துக்கிட்டாத் தம்பி பிழைச்சுக்கிருவான்டி, உன் கையிலதான் இருக்கு.' என்னையே பாத்தா. அப்புறம் தலைய ஆட்டுனா. அடிக்காம வையாம உண்மைய வாங்கிட்டான்னு தெருவே என்னைச் சொல்லுச்சு தாயி.

தவமணி மட்டும் ஒத்துக்கல. எம் பிள்ளை செய்யலன்னா. அவளே ஒத்துக்கிட்டாளேன்னேன். நீங்க ஒத்துக்க வச்சீகன்னா. அதுலருந்து ரெண்டு பேருக்கும் முகம் குடுத்துப் பேச்சு இல்ல.

மூணு நாள் கழிச்சுக் கூழு குடுத்தோம், பழையபடி கக்குனான். திரும்ப ஓடுனோம். திரும்ப ஒரு கடலை. இவதான் மறுபடி குடுத்திருக்கான்னு ஆகிப்போச்சு. என் தம்பிக்குக் கோவம் வந்து கைய ஓங்கிட்டான், நான்தான் குறுக்க விழுந்து தடுத்தேன். பிள்ளைய என் வீட்டுலயே வச்சுக்கிறேன்னேன். வந்தா. தம்பி இருக்கிற தெருப்பக்கம் போகக்கூடாதுன்னு சொல்லி வச்சேன், போகமாட்டா. முக்குல நின்னு எட்டிப் பாத்துட்டு வந்துருவா.

இவ எங்கிட்ட வந்து இருபது நாளு ஆச்சு. அதுக்கப்புறமும் அவருகிட்டக் கொண்டுபோனோம், அன்னைக்கும் ஒரு கடலை வந்துச்சு. இவ பக்கத்துல இல்லாம அது எப்படி வந்துச்சுன்னா கேக்குற? நீயும் தவமணி மாதிரியே கேக்குற. அது பழைய கடலை, குடல்ல ஒட்டிக்கிட்டுக் கிடந்ததுன்னு அவரே சொன்னாரு. சொன்னவரு தெரியாமலா சொல்லுவாரு.

அதுக்குள்ள பிள்ளை உருகிப்போயிட்டான். தொடையில இருந்த மடிப்பெல்லாம் போயி தோலு தொங்குச்சு. ஏழு மாசம் முடிஞ்சு எட்டு நடக்குது, தாய்ப்பால் மட்டும் எத்தனைக்குக் காணும்? தவமணிக்கும் கவலையில பால் வத்திக்கிட்டே வந்துச்சு. நான் சங்க விடல. ஒரு நாளு ஊத்துறப்ப புரையேறிருச்சு. இருமுனான், இருமுனான், நிக்கவே இல்ல. மறுநா நெஞ்சு கருகருங்குது, மேலு காயுது. அப்பத்தான் மதுரைக்குத் தூக்கிட்டு வந்தோம். இந்த ஆஸ்பத்திரி இல்ல, வேற ஒண்ணு.

வெள்ளையா ஒரு மருந்தக் குடிக்க வச்சு அது இறங்க இறங்கப் படம் எடுத்தாக. டாக்டரு எங்க மூணு பேரையும் கூப்பிட்டுக் காட்டுனாரு. மேல பை மாதிரி அகலமா இருக்கு, நடுவுல நூலு மாதிரி ஒரு கோடு, அதுக்குக் கீழ மறுபடி நல்லா இருக்கு. சாப்பாட்டுக் குழாய் அந்த இடத்துல சுருங்கியிருக்கு, தாய் வயித்துல இருக்கும்போதே அப்படித்தான் உருவாயிருக்கு, அதான் தண்ணியா இருந்தா இறங்குது, கெட்டியா இருந்தா இறங்கலன்னாரு. ஊதுற பலூன் மாதிரி ஒண்ண உள்ள விட்டுக் கொஞ்சங் கொஞ்சமா விரிச்சு விட்டாச் சரியாகுமாம். எத்தனையோ பிள்ளைகளுக்குச் செஞ்சிருக்காகளாம். ஆனா இப்ப செய்ய முடியாது, கூழு நுரையீரலுக்குள்ள போயிருச்சு, முதல்ல அதப் பாக்கணும், ரெண்டு மாசம் முன்னாடி ஏன் கொண்டுவரலன்னு கேட்டாரு. தவமணி என்னத் திரும்பிப் பாத்தா.

பதினோரு நாளு தாயி. பதினோரு நாளும் அந்தத் தாழ்வாரத்துலதான் கிடந்தேன். பன்னெண்டாம் நாளு காலையில துணியில சுத்திக் குடுத்துட்டாக. எம் மடியிலதான் வச்சுக் கொண்டாந்தேன். காத்து மாதிரி இருந்தான். தெருவுல நான் அழுத அழுகைய இன்னைக்கும் சொல்லுவாக.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கல. எடுத்துட்டுப் போயி மண்ணுல வச்சுட்டு வந்தாச்சு. தவமணி நேரா என் வீட்டுக்கு வந்தா. வாசல்ல நின்னுக்கிட்டு, என் மகளக் குடுங்கன்னா. ஒரு சொல்லு கூடுதலா இல்ல. பெத்தவ கூப்பிடுறா, போடின்னேன். பாண்டிமீனா போகலையே. என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு சேலையப் பிடிச்சுக்கிட்டு, அம்மா முகத்தப் பாக்கவே மாட்டேன்னுட்டா. அவுக அம்மாவா வந்து தொட்டு இழுத்தப்ப சேலைய இன்னும் இறுக்கிப் பிடிச்சா. என்மேல அம்புட்டுப் பாசம். அன்னைக்குப் போனவதான் தவமணி, இன்னைக்கு வரைக்கும் என் நிழலு அவமேல படவிடமாட்டா. என் தம்பியும் அவ பேச்சக் கேட்டுக்கிட்டு ஒதுங்கிட்டான். நான் என்ன தாயி பாவம் செஞ்சேன்? பெத்தவகிட்டப் போகமாட்டேன்னு ஒதுங்குன பிள்ளைய நான் எடுத்து வளத்தேன், அது ஒரு குத்தமா?

டாக்டரு சொன்னத பாண்டிமீனாகிட்டச் சொன்னோமான்னா கேக்குற? இல்ல. அவுக அம்மா அதச் சொல்றதுக்காக ரெண்டு மூணு தடவை பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்து நின்னாளாம், அவளக் கண்டதும் பிள்ளை வகுப்புக்குள்ள ஓடிருமாம். நான் எதுக்குச் சொல்ல? அஞ்சு வயசுல நடந்தது, மறந்து போயிருக்கும். ஒரு நாளும் அந்தப் பேச்ச எடுத்ததில்ல. கடலை திங்கமாட்டா, அது ஒரு பழக்கம். பச்சப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வரமாட்டா, கூச்ச சுபாவம். மத்தபடி சிரிச்ச முகந்தான்.

அதோட, படத்தக் காட்டி டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு. நான் கடலையக் கண்ணால பாத்தவ. ஒண்ணு இல்ல, மூணு. அது பொய்யின்னா சொல்லச் சொல்ற? அது பொய்யின்னா அந்த ரெண்டு மாசம் என்னது? நான் ஊத்துன சங்கு என்னது? அப்படி நான் நினைக்க ஆரம்பிச்சா, தாயி, எனக்குச் சோறு இறங்குமா? அதனால நான் அந்தப் பக்கமே போறதில்ல.

நேத்து சாயங்காலம் அவளுக்குத் தலை பின்னிக்கிட்டிருந்தேன். முதுகு எலும்பு ஒண்ணொண்ணா எண்ணலாம், அப்படி ஆயிட்டா. திடீர்னு கேக்குறா, 'அத்தே, நான் தம்பிக்குக் கடலை குடுத்தது எந்தக் கையால?'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. என்னடி கேக்குறன்னேன். திரும்பாமலே சொல்றா, 'எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன் அத்தே. உங்க மடியில உக்காந்தது ஞாபகம் இருக்கு. தலைய ஆட்டுனது ஞாபகம் இருக்கு. குடுத்தது மட்டும் வரவே மாட்டேங்குது. நாளைக்கு எனக்கு ஒண்ணு பொறந்தா, அதுக்கு எந்தக் கையால நான் ஊட்டக் கூடாது?'

பதினாலு வருசமா அதையே யோசிச்சுக்கிட்டு இருந்திருக்கா பாரு. அந்தப் படம் கண்ணு முன்னாடி வந்துச்சு, அந்த நூலு மாதிரிக் கோடு. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு தாயி, பொறக்கயிலேயே அவனுக்கு அப்படித்தான்டின்னு சொல்ல. சத்தியமாச் சொல்றேன், வந்துச்சு. ஆனா அதச் சொன்னா அடுத்து அவ என்ன கேப்பா? அப்ப அந்தக் கடலை எங்கருந்து வந்துச்சுன்னு கேப்பா. அப்ப ஏன் அத்தே என்னைத் தலையாட்ட வச்சீகன்னு கேப்பா. எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான்.

'வலது கைடி'ன்னேன். 'அஞ்சு வயசுல நடந்தது உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ போட்டு யோசிக்காத'ன்னேன்.

சரி அத்தேன்னா. அழக்கூட இல்ல. பின்னி முடிச்சுப் பூ வச்சுவிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டுல இடது கைய வச்சுப் பிசையப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. காப்பி போட்டுக் குடுத்தேன், அதுவும் இறங்கல. தண்ணி இறங்கல. அதான் காலையில முத பஸ்ஸப் பிடிச்சு ஓடியாந்தேன்.

இரு, பாண்டிமீனாவோட வந்தது யாருன்னு கூப்பிடுறாக. நான்தாம்மா, அத்தை. என்னது? குழாய்ல ஒண்ணும் இல்லையா? வழி சுத்தமா இருக்கா? பெறகு ஏம்மா இறங்க மாட்டேங்குது? அவகிட்டத் தனியாப் பேசணுமா? எதுக்கு?

கேட்டியா தாயி, வேற ஒரு டாக்டரம்மா அவளத் தனியா வச்சுப் பேசணுமாம், நான் இங்கயே இருக்கணுமாம். சின்னதுல என்ன நடந்துச்சுன்னு கேக்கப் போறாகளாம். அவ என்னத்தச் சொல்லுவா? என் பையப் பாத்துக்க, நானும் உள்ள போறேன். அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கிறது நான்தானே.